எங்கள் ஊர் நூலகத்தை மூடியருளக் கோரும் விண்ணப்பம்

மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்கள் சமூகத்துக்கு, காவிரிக் கடைமடையில் உள்ள ஒரு சிற்றூரில் வீட்டு வரியையும் அதன் தலைமேல் ஏறிவரும் நூலக வரியையும் தவணை தவறாமல் செலுத்திவருபவனும், தாலுகாக் கச்சேரியின் பதிவறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனுமாகிய ஒரு பிரஜை வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்வது:

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் போதிய பயன்பாடு இல்லை என்ற காரணத்தால், அதைப் பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டவுன் கிளை நூலகத்தோடு இணைத்துவிடலாமென்று ஒரு யோசனை தங்கள் அலுவலகக் கோப்புகளுக்குள் உலவிவருவதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் வேறு யாராவது முந்திக்கொண்டு ஆட்சேப மனு எழுதி, அதில் நாற்பது ஐம்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பித் தங்கள் மனத்தைக் கலக்கிவிடுவதற்கு முன்னால், அந்த யோசனையை மனப்பூர்வமாக ஆதரிக்கும் ஒரு ஜீவனும் இவ்வூரில் உண்டு என்று தெரிவித்து வைப்பது என் கடமையென்று கருதி இதை எழுதுகிறேன்.

ஆய்வுக்கு வந்த தங்கள் அதிகாரியின் நுண்ணறிவை முதலில் பாராட்டியாக வேண்டும். சம்பா நடவு மும்முரமாயிருந்த புரட்டாசி மாதத்தில், ஊரிலுள்ள ஆணும் பெண்ணும் முழங்கால் புதையச் சேற்றில் நின்றுகொண்டிருக்க, பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் அடைபட்டிருக்க, முற்பகல் பதினொரு மணியாகப் பார்த்து வந்திறங்கி, வாசகர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேரே மூன்றே பதிவுகள் இருப்பதையும் அவற்றில் ஒன்று கைநாட்டு என்பதையும் விடாமல் கவனித்து, 'பயன்பாடு திருப்திகரமாக இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டு அவர் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பிப் போனார். கைநாட்டு வைக்கிற மனிதருக்கு நூலகத்தில் என்ன ஜோலி என்று அவர் கேட்டாராம். நூலகர் அம்மாள் பதில் சொல்லாமல் சிரித்தாளாம். பதிலை நான் சொல்கிறேன். அந்தக் கிழவருக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் தெரிய வேண்டும். 120 அடி கொள்ளும் அந்த அணையில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கனஅடி வருகிறது, எத்தனை கனஅடி போகிறது என்ற மூன்று எண்களையும் யாரேனும் பத்திரிகையிலிருந்து படித்துச் சொல்லக் கேட்ட பிறகுதான் அவர் மண்வெட்டியைத் தோளில் வைப்பார். ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்குமா திறக்காதா என்ற விசாரத்தில் வைகாசி முழுவதும் நூலகத்துத் திண்ணையே கதியென்று கிடந்தவர் அவர். ஒரு நூலைக்கூடத் தொடாமல் நூலகத்தை இவ்விதம் துஷ்பிரயோகம் செய்வோர் எங்கள் ஊரில் ஏராளம் என்பதையும், அவர்களுள் பலர் பதிவேட்டில் கைநாட்டு வைக்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்வதில்லை என்பதையும் தங்கள் அதிகாரி அறிந்திருப்பாராயின் அவருடைய குறிப்பு இன்னும் உக்கிரமாக அமைந்திருக்கும்.

காகிதத்தைப் பரிபாலனம் செய்வதில் ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். காகிதத்துக்கு மனிதக் கையைப் போன்ற சத்துரு வேறில்லை. கறையானும் வெள்ளிப்பூச்சியும் ஓரத்தில் தொடங்கிக் கிரமமாக உட்புறம் நோக்கி வருகின்றன; மனிதனோ எங்கே சுவாரசியமோ அங்கே திறந்து, அங்கேயே மடித்து, அங்கேயே எண்ணெய்க் கையை வைக்கிறான். இந்த உண்மையை நன்குணர்ந்து நடத்தப்படும் ஓர் உத்தம நூலகமும் எங்கள் ஊரிலேயே இருப்பதால், ஒப்புநோக்கிப் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டிலிருந்த பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் ஊராட்சிக்கு ஒன்றாக நூலகம் கட்டித் தரப்பட்டதல்லவா? எங்கள் ஊராட்சிக்கு வந்ததும் நேர்த்தியான கட்டடந்தான். திறப்பு விழாவன்று திறந்தார்கள். அதன்பின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் நிலவிவருகின்றன. ஜன்னல் வழியே பார்த்தால் நூல்கள் அட்டை கலையாமல் அடுக்கிய மேனிக்கு இருக்கின்றன. ஒன்று தொலைந்தது, ஒன்று கிழிந்தது என்ற புகாருக்கு அங்கே இடமே இல்லை. நம் முன்னோர் சரஸ்வதி பூஜையன்று ஏடுகளை அடுக்கிச் சந்தனமிட்டு, அன்று ஒரு நாள் மட்டும் எதையும் படிக்கலாகாது என்று விதித்தார்கள். அவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள்தான் சாத்தியமாயிற்று. எங்கள் ஊராட்சி அதை ஆண்டு முழுமைக்கும் சாதித்துக் காட்டியிருக்கிறது. பூட்டின் மேல் துருவேறியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். துரு ஏறிய பூட்டைத் திருடன் தொடுவதில்லை.

இந்த உன்னத நிலைக்கு நேர்மாறாகத் தங்கள் ஆளுகையிலுள்ள நூலகம் எவ்வளவு சீர்கெட்டுக் கிடக்கிறது என்பதைத் தாங்கள் ஒரு நாள் மாலை நான்கரை மணிக்கு வந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு ஒரு பட்டாளம் அங்கே பிரவேசிக்கும். நாற்காலிகள் ஆறு, ஆகையால் தரையில் உட்காருகிறார்கள், குப்புறப் படுக்கிறார்கள், படக்கதையை ஒருவன் உரக்கப் படிக்க நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். நூலகத்தில் மௌனம் காக்க வேண்டும் என்று எழுதிய தங்கள் இலாகாவின் பலகை அவர்கள் தலைக்கு நேர் மேலேதான் தொங்குகிறது. அம்மாளிடம் அதைச் சுட்டிக்காட்டினேன். அந்தப் பலகையைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிகிற வரைக்கும் சத்தம் போட்டுப் படிக்கட்டும் ஐயா, அப்புறம் தானாக அடங்கிவிடுவார்கள் என்கிறாள்.

இதைவிடக் கவலைக்கிடமான சங்கதி ஒன்று உண்டு. இதைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் கட்டுக்கோப்பான ஊர். கோயிலில் யார் எங்கே நிற்பது, குளத்தில் யார் எந்தத் துறையில் இறங்குவது, டீக்கடைப் பெஞ்சில் யார் வந்தால் யார் எழுந்துகொள்வது என்பதெல்லாம் எவரும் எழுதி வைக்காமலே தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக நடந்துவருகிறது. நூலகத்துக்கு வரும் பத்திரிகையோ ஒரு பிரதி, படிப்பவர் பலர். ஆகவே தாள் தாளாகப் பிரித்து, மேலத்தெருப் பெரியவர் நடுப்பக்கத்தையும் காலனிப் பையன் முதல் பக்கத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஏக காலத்தில் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் கைக்குக் கை தாளை மாற்றிக்கொள்கிறார்கள். போன மாதம் பெரியவர் அந்தப் பையனிடம், 'விளையாட்டுப் பக்கத்தை முடித்துவிட்டாயா தம்பி?' என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். தம்பி! காலனிக்காரனை மேலத்தெருக்காரர் எந்தச் சொல்லால் அழைத்துவந்தார் என்பதை இந்த மரியாதைக்குரிய கடிதத்தில் எழுத இயலாது. ஒரு பத்திரிகைக்குப் பதிலாக இரண்டு பத்திரிகை போட்டிருந்தால் இந்த விபரீதம் நேர்ந்திராது. சிக்கனம் செய்யப்போய்த் தாங்கள் விளைவித்த கேடு இது.

அந்தப் பையனும் அவனையொத்த ஏழெட்டுப் பேரும் காலை முதல் அங்கேயே பழியாய்க் கிடந்து தேர்வாணையத்தின் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பழைய பாடநூல்களுக்கு அவர்களிடையே நடக்கும் போட்டி, சீதையின் சுயம்வரத்திலும் நடந்திராது. டவுனில் பயிற்சி மையங்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பதை, இங்கே ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக் காசில்லாமல் கற்றுக்கொள்கிறார்கள். இதனால் வர்த்தகத்துக்கு உண்டாகும் நஷ்டத்தை யார் ஈடு செய்வது? இவ்விதம் படித்த ஒருவன் இப்போது வேறொரு தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலராய் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய தகப்பன் என் நிலத்தில் ஏர் பிடித்தவன். அவனும் பிடிப்பான் என்றுதான் எண்ணியிருந்தேன்.

பெண்டுகளின் சமாசாரம் தனி. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இளம் பெண்கள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருகிற வழியில் நூலகத்தில் நுழைந்து ரமணிசந்திரன் நாவல்களை மாவுப் பைக்குள் வைத்து எடுத்துப் போகிறார்கள். அதிலாவது ஆளுக்கு ஒன்று என்ற நியதி இருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகம் மட்டும் அலமாரியில் நின்று நான் பார்த்ததே இல்லை. அது அம்மாளிடம் திரும்பி வராமலே வீட்டுக்கு வீடு போகிறது. யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால், இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பவள் மட்டும் துல்லியமாகச் சொல்வாள். மஞ்சள் கறையும், மருதாணிக் கறையும், ஒரு குழந்தையின் பென்சில் கிறுக்கலும் அதில் ஏறியிருப்பதாக அறிகிறேன். இருப்புச் சரிபார்ப்புக்கு வந்தவர் அதைத் 'தொலைந்தது' என்று எழுதிக்கொண்டு போனார். ஊரில் எல்லோரும் படித்துக்கொண்டிருக்கும் நூல் தொலைந்த நூல் என்றும், யாரும் புரட்டாத பங்குச் சந்தை வழிகாட்டிகள் நான்கும் இருப்பிலுள்ள நூல்கள் என்றும் கணக்கேறியது. இதுதான் முறையான கணக்கு. அந்த வழிகாட்டிகளைத் தலைநகரில் இருந்தபடியே எங்களுக்கென்று தேர்ந்தெடுத்தவர், முதலீடு செய்யப் பணமில்லாத ஊரில் நூல்கள் பத்திரமாக இருக்கும் என்று முன்யோசனை செய்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

தொலைந்த நூலின் விலையை நூலகரின் தலையில் கட்டுவதும், ஓய்வு பெறும் வேளையில் அதைக் காட்டி வர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கமென்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மிகச் சிறந்த ஏற்பாடு. இந்தப் பயம் ஒன்றினால்தான் எத்தனையோ ஊர்களில் நல்ல நூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டு, கேட்பவர்களுக்குக் கிழிந்த வார இதழ்கள் மட்டும் வழங்கப்பட்டுவருகின்றன. ஆனால் இந்த விஷயத்தில் மத்திய சர்க்காரின் போக்கு எனக்குச் சம்மதமில்லை. அவர்களுடைய 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலே, ஓராண்டில் வாசகர்க்கு வழங்கிய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைந்தால், அதில் நேர்மைக் குறைவோ அசட்டையோ இல்லாத பட்சத்தில், நியாயமான இழப்பாகவே கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நூல் வழங்கினால் சில தொலையும் என்பதை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, நூலகருக்கு நூல் வழங்கத் துணிச்சல் வந்துவிடாதா? ஐரோப்பாவில் மத்திய காலத்தவர் இப்படி ஏமாளிகளாக இருக்கவில்லை. நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்திலே ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகம் இன்றைக்கும் இருக்கிறது. நம் கும்பகோணத்துக் கொல்லர்கள் இதைவிட நல்ல சங்கிலி அடிப்பார்கள். உத்தரவானால் விலைப்புள்ளி வாங்கி அனுப்புகிறேன்.

நம் தேசத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோனதற்குக் காரணபுருஷர் யாரென்று ஆராய்ந்தால், சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியாரிடம் போய் முடிகிறது. எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சர்வகலாசாலை நூலகராக நியமனம் பெற்றார். சேர்ந்த சில நாள்களுக்குள் அந்த வேலையின் தனிமை பொறாமல், தம்மை மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடும்படி மன்றாடினார் என்பது சரித்திரம். அந்த மன்றாட்டுக்கு மேலதிகாரிகள் இரங்கியிருந்தால் எவ்வளவு க்ஷேமமாக இருந்திருக்கும்! லண்டனுக்குப் போய் நூலகக் கலை பயின்றுவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். மனிதர் திரும்பி வந்து 1931-இல் ஐந்து விதிகளை வெளியிட்டுவிட்டார். நூல் உபயோகத்துக்கென்றே உள்ளதாம்; வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகனும் கிட்ட வேண்டுமாம்; வாசகனின் நேரம் வீணாகக் கூடாதாம்; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஜீவராசியாம். பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய், ஒரு கிழவர் மேட்டூர் நீர்மட்டத்தை அறிந்துகொண்டு அந்தி சாயத் திரும்பி வரட்டும் என்ற தங்கள் யோசனை, இவற்றில் நான்காம் விதிக்குத் தக்க பதில் என்பது என் தாழ்மையான கருத்து.

அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் இன்னொரு காரியம் நடந்தது. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர், வாசகன் நூலைத் தேடி வர வேண்டியதில்லை என்று சொல்லி, நூல்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பத் தலைப்பட்டார். வண்டிப் பாதையில் சேறு இருந்தது, மழை இருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் விகிதம் இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தது. போதிய பயன்பாடு இல்லை என்று அந்த மனிதருக்கு எடுத்துச் சொல்ல அப்போது ஓர் ஆணைக்குழு இல்லாமற்போயிற்று.

எங்கள் நூலகர் அம்மாளைப் பற்றி எழுதாமல் இந்தப் புகார் பூர்த்தியாகாது. சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற பெயரில் அவளுக்கு வழங்கப்படுவது, அந்தப் பெயரிலுள்ள சிறப்புக்குச் சற்றும் குந்தகம் விளைவிக்காத தொகை. அந்தச் சம்பளத்துக்கு அவள் கதவைத் திறந்து பூட்டினால் போதும். அவளோ தானே பெருக்கி, தானே தண்ணீர்ப் பானை நிரப்பி, தானே நூலுக்கு முதுகு ஒட்டி, இதெல்லாம் போதாதென்று தன் இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத விவகாரங்களிலும் தலையிடுகிறாள். முதியோர் உதவித் தொகை வங்கியில் ஏறியதா என்று கைப்பேசியின் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்கிறாள்; பயிர்க் காப்பீட்டுப் படிவத்தில் சர்வே எண் எழுத வேண்டிய கட்டத்தைக் காட்டுகிறாள்; நகை அடகுச் சீட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்துக் காட்டி, அடகுக் கடைக்காரரின் மனத்தைப் புண்படுத்துகிறாள். காப்புத்தொகை கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்குத் தன் கைக்காசைக் கட்டி உறுப்பினராக்கியிருக்கிறாள் என்றும் ஒரு வதந்தி. விசாரித்தேன், வதந்தி அல்ல. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரமென்று தாங்கள் ஒரு விழா நடத்தச் சொன்னால், படம் எடுத்து அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ள வேண்டியதுதானே? வாசகர் வட்டத்தைக் கூட்டி, நடவுப் பாட்டுப் பாடும் கிழவிகளை மேடையேற்றிப் பாட வைத்து, பிள்ளைகளை விட்டு அதை எழுதிக்கொள்ளச் செய்தாள். பதிவறையில் என் வாழ்நாள் முழுவதும் கழித்தும், ஒரு கூலிக்காரியின் வாய்ச்சொல் பதிவு செய்யத்தக்கது என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

நிதி நிலைமையைக் குறித்து ஒரு வார்த்தை. சுதந்திர பாரதத்தில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948-இல் நம் சென்னை மாகாணந்தான்; கல்வி மந்திரியாயிருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார்; ரங்கநாதன் அதற்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டிருந்தார். நூலகத்துக்கென்று தனியாக வரி வசூலிக்கலாம் என்ற விபரீத எண்ணம் அந்தச் சட்டத்தில் பிறந்தது. இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம், படிக்கிறவன் படிக்காதவன் என்ற பேதமின்றி எல்லோரும் கட்டுகிறோம். கிழவரும் கட்டுகிறார், காலனிப் பையனின் தாயும் கட்டுகிறாள், என் கணக்கிலும் ரசீது இருக்கிறது. வசூலிக்கும் உள்ளாட்சி மன்றம் அதைத் தங்கள் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைக்காமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது பல மன்றங்களின் பழக்கம். கேட்டு வாங்காமல் பெருந்தன்மையோடு இருப்பது தங்கள் பழக்கம். இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவே எங்கள் நூலகத்தின் ஓட்டுக் கூரையில் ஒரு பொத்தல் விழுந்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் அது நேராகச் சரித்திர நூல்களின் மேல் ஒழுகுகிறது. அம்மாள் எழுதிய கோரிக்கைகளுக்குத் 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற பதில் வந்திருக்கிறது; அந்தப் பதில்களை அடுக்கிக் கட்டினாலே பொத்தல் அடைபட்டுவிடும்.

ஆகையால் சமூகத்தில் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். இணைப்பு உத்தரவைத் தாமதமின்றிப் பிறப்பியுங்கள். நூலகர் அம்மாளைக் கைநாட்டுக்காரர்கள் அண்டாத ஏதாவதொரு தலைமை அலுவலகத்துக்கு மாற்றுங்கள். மூன்றாம் பாகத்தைக் கண்டுபிடிக்க ஒரு விசாரணை அதிகாரியை நியமியுங்கள். அவர் வீடு வீடாகப் போகும்போது இரண்டாம் பாகத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது, இல்லாவிட்டால் பெண்டுகள் கேட்கும் கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. உத்தரவை எடுத்து வருகிறவர் மட்டும் தயவுசெய்து மாலை நான்கரை மணிக்கு வர வேண்டாம். பதினொரு மணிதான் சௌகரியம்.

கதவுக்குப் போட நல்ல பூட்டு வாங்க ஆணைக்குழுவிடம் நிதி இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊராட்சி ஒன்று மட்டும் செலுத்தாமல் வைத்திருக்கும் நூலக வரி நிலுவையை ஒரே ஒரு முறை கேட்டு வாங்குங்கள்: பூட்டுக்குப் போக, கூரைக்கும், இன்னும் ஆறு நாற்காலிக்கும், இரண்டாவது பத்திரிகைக்கும், அம்மாளின் கைக்காசுக்கும் அது தாராளமாகக் காணும்.

இங்ஙனம்,
நூலக வரி ரசீது கைவசமுள்ள ஒரு பிரஜை